ஐந்து நாள் போத்தல்

சனிக்கிழமை காலை
வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்திலிருந்து
ஐஸ்கிறீம் வாளியைக் கயிற்றில் இறக்கினேன்.
மீனுக்கோ, என்று கேட்டார் லொத்தர் விற்பவர்.
தண்ணிக்கு, என்றேன்.
இதுக்கும் தண்ணி எண்டுதானோ பேர் என்று
அன்றைய சீட்டுகளால் முகத்துக்கு விசிறிக்கொண்டார்.

மொறட்டுவ பஸ்ஸில்
என் மடிக்குப் பக்கத்தில் இருந்த அம்மா
இரத்மலானைக்கு முதலே எழும்பி நின்றுகொண்டார்.

லாப்பில் விமலசிறி சாவியைத் தந்துவிட்டு
யன்னல் நாலையும் திறந்தார்.
ஐந்துக்கு ஒன்றாய் ஐதாக்கி
விளிம்பு மட்டும் நிரப்பி
ஒரு குமிழியும் தங்காமல் மூடியை அழுத்தி
இருட்டில் வைத்தேன்.
இருபது பாகை. ஐந்து நாள்.
கொழும்பில் இந்தக் குளிரில் தூங்குவது
வங்கி முகாமையாளர்களும்
என் போத்தலும்தான்.

வியாழன் பின்னேரம் விடை வரும்.
துறைத் தெரிவுப் படிவத்துக்குக் கடைசி நேரம்
புதன், நாலு மணி.

பெற்றோலியம்.
பல்பகுதியம்.
சூழல்.
மூன்று பெட்டி, ஒரு புள்ளடி.

இமல்ஷா முதலாம் வருடமே முடிவெடுத்தவள்.
கையுறைத் தொழிற்சாலை, பியகம,
மாமாவின் வாகனத்தில் போய்வரலாம்.
வினோதரன் முந்தின நான்கு வருடங்களின்
வேலைவாய்ப்பு விகிதங்களைச்
சராசரி எடுத்து, நிறையிட்டு,
இரண்டாம் தசம தானத்தில் தடுமாறி நிற்கிறான்.
தோகாவிலிருந்து அண்ணா குரற்பதிவு அனுப்பினான்:
சூழல் எண்டா என்ன, மரம் நடுறதோ?
பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம்.
வாயு ஆலையின் இரவு முறைக்காரர்களாக இருக்கும்.

உண்மையைச் சொன்னால்
எனக்கும் ஆசை அந்தப் பக்கம்தான்.
சப்புகஸ்கந்தைக்குக் கூட்டிப்போன அன்று
பொழுதுபட விளக்குகள் ஏறிய கோபுரத்தின் கீழ்
வாய்பிளந்து நின்றவள் நான்.
கறுப்பாய் உள்ளே போன ஒன்று
சூட்டில் எழும்பி
தன் தன் தட்டு வந்ததும் இறங்கிக்கொள்கிறது,
யாரும் தள்ளாமல்,
யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல்.

இன்னொன்றும் உண்டு.
உயர்தரம் படித்த வருடம்
பெற்றோல் வரிசையில் மூன்று இரவு
அப்பாவின் ஓட்டோவுக்குள் இருந்து
ஆவர்த்தன அட்டவணை பாடமாக்கினேன்.
முன்னால் இருநூறு ஓட்டோ.
அப்பா நடைபாதையில் உறங்கினார்.
பெரியவளாகி இதைச் சரிசெய்வேன் என்று
டோர்ச் வெளிச்சத்தில் நினைத்தேன்.
எதை என்று
அப்போதும் தெளிவாக நினைக்கவில்லை.

செவ்வாய் இரவு மழை.
எங்கள் ஒழுங்கைக்குள் கால்வாய் ஏறி
படிவரை வந்து பார்த்துவிட்டுப் போனது.
உள்ளே வருவது, வெளியே போவது, தேங்குவது:
முதல் தவணையில் படித்த முதல் சமன்பாடு.
உள்ளே வருவதில் எங்கள் சமையலறையும் இருக்கிறது.
அம்மா விளக்குமாறோடு நின்று
தேங்கியதைத் தள்ளினார்.

புதன், மூன்று ஐம்பது.
சூழல் என்ற பெட்டியில் புள்ளடி.
காரணம் என்ற கோட்டில்
நல்ல மூன்று வசனம் எழுதி வெட்டினேன்.
நாற்றம் என்று எழுதினேன்.
அதையும் வெட்டினேன்.
எழுதுவினைஞர் தலைநிமிராமல்
இலச்சினை குத்திவிட்டார்.
கக்கூஸ் எஞ்சினியர் என்றாள் இமல்ஷா, அழகான தமிழில்.
நான் சொல்லிக்கொடுத்த தமிழ்தான்.

வியாழன்.
போத்தலைத் திறந்து மானியை இறக்கினேன்.
ஒட்சிசன் பூச்சியம்.
பூச்சியம் விடையல்ல.
எந்த நாளில் தீர்ந்தது,
இன்னும் எவ்வளவு கேட்டிருக்கும்,
எதுவும் தெரியாது.
இருந்ததையெல்லாம் உயிர்கள் தின்று முடித்துவிட்டு
இருட்டில் சும்மா இருந்திருக்கின்றன,
நான் புள்ளடியோடு அல்லாடிய நேரமெல்லாம்.

ஐதாக்கியது போதவில்லை.
இருநூறுக்கு ஒன்று வைத்துப் பார்க்கவேணும்.

போத்தலை மூன்று தரம் அலசினேன்.
சனிக்கிழமை லொத்தர்காரர் திரும்பக் கேட்பார்.
வாளியின் கயிறு இன்னும் காயவில்லை,
பையெல்லாம் மணம்.